‘மறந்துட்டு வேலையைப் பாரு’: இந்த அறிவுரை பிடிஎஸ்டியில் ஏன் பலிப்பதில்லை?

2025 ஜூன் 3 இரவு. 18 வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஆர்சிபி முதல் ஐபிஎல் கோப்பையை வென்றது. பெங்களூரு விடிய விடியத் தூங்கவில்லை. மறுநாள் மாலை எம். சின்னசாமி மைதானத்தில் வெற்றிக் கொண்டாட்டம் என்று அறிவிப்பு வந்தது. சுமார் 35,000 பேர் அமரக்கூடிய அந்த மைதானத்தைச் சுற்றி 2 முதல் 3 லட்சம் பேர் திரண்டதாகப் பிறகு முதலமைச்சர் சித்தராமையா சொன்னார். வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். 50க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

இறந்தவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. காயம்பட்டவர்களுக்கும் உண்டு. ஆனால் கீழே விழுந்து, எப்படியோ எழுந்து, ஒரு கால் செருப்போடு வீடு வந்து, மறுநாள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் ‘நோ அப்டேட்ஸ்’ என்று சொன்னவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களில் சரியாகியிருப்பார்கள். சிலருக்கு மட்டும் அந்த மாலை முடிந்திருக்காது.

அந்தச் சிலருக்கு என்ன நடக்கிறது, அதற்கு என்ன சிகிச்சை இருக்கிறது என்று பார்க்கலாம்.

பிடிஎஸ்டி: எது, எது இல்லை?

தமிழ்நாட்டுச் செய்திகளில் இதை ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று எழுதுகிறோம். நீளமான பெயர். படித்து முடிப்பதற்குள்ளேயே ஒரு மன அழுத்தம் வந்துவிடும். இலங்கைத் தமிழ் மருத்துவ எழுத்துகளில் இதைவிட நல்ல ஒரு சொல் புழங்குகிறது: ‘மனவடு’. போரை உள்ளிருந்தே பார்த்த மனநல மருத்துவர்கள் புழங்கிய சொல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் இலங்கைத் தமிழர்களின் மனதை என்ன செய்தது என்று 1998இல் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பும் வடுபட்ட மனங்களைப் பற்றியதுதான்.

இப்போது ஆபீஸ் பேச்சில் இந்தச் சொல் ரொம்ப மலிந்துவிட்டது. ‘அந்த அப்ரைசல் மீட்டிங் எனக்கு பிடிஎஸ்டி குடுத்துடுச்சு மச்சி’ என்கிறோம். கொடுத்திருக்காது. கஷ்டம் கொடுத்திருக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறை குறுகியது: உயிருக்கு ஆபத்து, மோசமான காயம், பாலியல் வன்முறை. இவற்றில் ஒன்றை நேரடியாக அனுபவித்திருக்க வேண்டும், அல்லது கண்ணெதிரே பார்த்திருக்க வேண்டும், அல்லது மிக நெருங்கியவருக்கு விபத்தாகவோ வன்முறையாகவோ நடந்ததை அறிந்திருக்க வேண்டும்.

நான்காவதாக இன்னொரு வழியும் உண்டு, நம் ஐடி உலகத்துக்குக் கொஞ்சம் நெருக்கமானது. வேலையின் பகுதியாக இப்படிப்பட்ட கொடூரங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. சமூக ஊடகங்களில் வரும் கொலை, சித்திரவதை வீடியோக்களைப் பார்த்து நீக்கும் கன்டென்ட் மாடரேட்டர்கள் இதில் வருவார்கள். அமெரிக்காவில் அவர்கள் தொடுத்த வழக்கில், 2020 மே மாதம் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே வேலையை இந்தியாவிலும் இளைஞர்கள் ஷிஃப்ட் போட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

போர், கலவரம் மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4.43 லட்சம் பேர் காயமடைந்தார்கள். வெளிவட்டச் சாலையில் பைக்கில் போகும் ஒருவருக்குப் பிடிஎஸ்டி வர வாய்ப்புள்ள வழி எதுவென்று கேட்டால், பெரும்பாலும் லாரிதான்.

முடிந்துபோனது என்று மூளைக்குத் தெரியவில்லை

ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். உண்மையான ஆள் இல்லை, விளக்குவதற்காக. 27 வயது. சொந்த ஊர் தருமபுரி. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அன்று மாலை ‘வாடா, ஒரு தடவைதானே ஜெயிப்பாங்க’ என்று சித்தப்பா மகனையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். நெரிசலில் தம்பிக்கு விலா எலும்பு முறிந்தது. இவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

மூன்று மாதம் கழித்து லிஃப்டில் எட்டாவது ஆள் ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது. அன்று நெஞ்சை அழுத்திய அந்தப் பாரம் உடம்பிலேயே திரும்ப வருகிறது. இதுதான் ஃப்ளாஷ்பேக். நம் சினிமாவில் வருவதுபோல கருப்பு-வெள்ளையில், பின்னணி இசையோடு, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வராது. துண்டு துண்டாக வரும்: ஒரு சத்தம், ஒரு வாசனை, உள்ளங்கையில் வியர்வை. ‘இது பழைய நினைவு’ என்ற முத்திரை அதில் இருக்காது. இப்போதே நடப்பதுபோல இருக்கும்.

காரணத்தை எளிமையாகச் சொன்னால் இது. மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து மணி அடிக்கும். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ‘இது எப்போது, எங்கே நடந்தது’ என்று தேதி போட்டு நினைவை அடுக்கி வைக்கும். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி ‘சும்மா இரு, இது லிஃப்ட்தான்’ என்று மணியை நிறுத்தும். உயிர் போகும் நேரத்தில் மணி அடிக்கும் வேலை தூக்கலாக நடக்கிறது, தேதி போடும் வேலை ஒழுங்காக நடப்பதில்லை. விளைவு, தேதி போடாத ஒரு நினைவு. அதற்கு ஜூன் 4 முடிந்துவிட்டது என்று தெரியாது.

இது தவிர வேறு சிலவும் நடக்கின்றன. கெட்ட கனவு, அரைத் தூக்கம். பின்னால் யாராவது வந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. எந்த ஹாலுக்குள் போனாலும் கண் முதலில் வெளியேறும் வழியைத் தேடுகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார். முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, கிரிக்கெட் உட்பட. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது: ‘நான்தானே அவனைக் கூட்டிட்டுப் போனேன்.’

சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இதெல்லாம் யாருக்கும் வரலாம். அது நோயல்ல, உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்ளும் விதம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் கெடுக்க ஆரம்பித்தால்தான் மருத்துவர் பிடிஎஸ்டி என்பார். சிலருக்கு ஆறு மாதம் கழித்தே முழுமையாகத் தலைகாட்டும். ‘அப்போ நல்லாத்தானே இருந்த?’ என்று வீட்டில் கேட்பது அதனால்தான்.

இன்னொன்று. நம் ஊர்களில் இது மனப் பிரச்சினையாக வந்து நிற்பது குறைவு. தலைவலி, நெஞ்சுவலி, உடம்பெல்லாம் அசதி, வயிறு சரியில்லை என்றுதான் வரும். இசிஜி எடுப்பார்கள், எல்லாம் நார்மல் என்பார்கள். அதோடு ஃபைல் மூடப்படும்.

தவிர்ப்பது ஒரு கந்துவட்டி

இதுவரை சொன்ன அறிகுறிகளில் ஒன்றை வேண்டுமென்றே விட்டு வைத்தேன். தவிர்த்தல். பிடிஎஸ்டியைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது முக்கியமாக இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இது நோய் மாதிரியே தெரியாது. நல்ல பழக்கம் மாதிரி தெரியும்.

நம் தருமபுரி இளைஞர் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறுகிறார். ‘ஃபிட்னஸ்’ என்கிறார். மெட்ரோவை விட்டுவிட்டு கேப் பிடிக்கிறார். டீம் அவுட்டிங்குக்கு வருவதில்லை. மேட்ச் பேச்சு வந்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறார். வேலையில் மூழ்கிவிடுகிறார், இரவு பதினொரு மணிக்கும் கமிட் போகிறது. மேனேஜருக்குச் சந்தோஷம். அந்த வருடம் ரேட்டிங்கூட நன்றாக வரலாம்.

தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பொறி. ‘பார்த்தியா, போகாததால்தான் தப்பிச்ச’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. கூட்டமான லிஃப்டில் ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அவசரத்துக்குக் கந்துவட்டி வாங்குவது போலத்தான். இன்றைய பிரச்சினை தீரும், அசல் அப்படியே நிற்கும், வட்டி ஏறிக்கொண்டே போகும். முதலில் மைதானம், பிறகு எம்.ஜி. ரோடு, பிறகு மெட்ரோ, பிறகு லிஃப்ட், பிறகு சினிமா தியேட்டர். உலகம் சுருங்கிக்கொண்டே வரும்.

‘நடந்தது நடந்துபோச்சு, மறந்துட்டு வேலையைப் பாருடா கண்ணு’ என்று அம்மா சொல்வது பாசத்தில்தான். ஆனால் இந்த நோய்க்கு அந்த அறிவுரை, வட்டியைக் கட்ட இன்னொரு கடன் வாங்கித் தருவதுபோல ஆகிவிடுகிறது.

எல்லோருக்கும் வருமா?

வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுமார் 70% மக்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படியொரு பயங்கர சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் 5.6% பேருக்குத்தான் பிடிஎஸ்டி வருகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் போர்ப் பகுதிகளிலும் இது பல மடங்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

யாருக்கு வரும் என்பதை மன உறுதி தீர்மானிப்பதில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்து, தமிழ்நாட்டின் கடலோர மீனவ கிராமம் ஒன்றில் 314 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 12.7% பேருக்குப் பிடிஎஸ்டி இருந்தது. பெண்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் அதிகம் இருந்தது, இது எதிர்பார்த்ததுதான். வீட்டில் வருமானமே இல்லாமல் போனவர்களுக்கும் அதிகமாக இருந்தது. அலை ஒரு நாளில் வந்து போய்விட்டது. வலை இல்லை, படகு இல்லை, அடுத்த வேளைக்கு வழியில்லை என்ற நிலை போகவில்லை. சம்பவத்துக்குப் பிறகு ஒருவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதும் மனவடுவின் பகுதி. அதனால்தான் அந்த ஆய்வாளர்கள் ஆலோசனையோடு நிற்காமல், வருமானத்துக்கு வழி செய்வதையும் நிவாரணத்தில் சேர்க்கச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இந்தியாவில் சொல்லப்பட்ட உருப்படியான விஷயங்களில் அது ஒன்று.

பெங்களூருவுக்கு இது புதிதல்ல

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், வியட்நாம் போர் வீரர்களின் அனுபவத்துக்குப் பிறகு, 1980இல்தான் பிடிஎஸ்டி என்ற பெயரைத் தன் கையேட்டில் சேர்த்தது. அடுத்த வருடமே, 1981 பிப்ரவரி 7, பெங்களூருவில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். குழந்தைகளை இழந்த குடும்பங்களின் துயரத்தை நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஆய்வு செய்தார்கள். இந்தியாவில் பேரிடருக்குப் பிறகான மனநலம் பற்றிய ஆரம்பகால வேலைகளில் அதுவும் ஒன்று. 1984இல் போபால் விஷவாயு விபத்து. அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுப்பதிலும் நிம்ஹான்ஸின் கை இருந்தது. சுனாமியின்போது அதன் குழுக்கள் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் அந்தமானுக்கும் போயின. ஆக, இந்தியாவில் இந்த நோயைப் பற்றி நன்கு தெரிந்த ஓர் இடம் நம் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது.

2010 பிப்ரவரி 23, பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத்தில் தீ. 9 பேர் இறந்தார்கள். புகை தாங்காமல் மேல் மாடிகளிலிருந்து சிலர் குதித்தார்கள். சாதாரண ஒரு வேலை நாள் அது.

2016 செப்டம்பர் 12 இங்கிருந்த தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன, ஒரே டிப்போவில் டஜன் கணக்கில் பஸ்கள் சாம்பலாயின. 1991 டிசம்பரை நேரில் பார்த்த பெரியவர்களுக்கு அது இரண்டாவது தடவை. ஒவ்வொரு கோடையிலும் டிவியில் காவிரிச் செய்தி வந்தால் உங்கள் மாமாவோ பெரியப்பாவோ சட்டென்று சேனல் மாற்றுகிறாரா? அது வெறும் சலிப்பாக இருக்கலாம். சலிப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

சிகிச்சையில் உண்மையில் என்ன செய்வார்கள்?

சும்மா உட்கார்ந்து பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நல்ல ஆதாரமுள்ள சிகிச்சைகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில், தவிர்த்துவந்த நினைவிடம், பாதுகாப்பான இடத்தில், துணையோடு, திட்டமிட்டுத் திரும்பப் போகச் சொல்கின்றன.

முதல் வகை, எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. வாரம் ஒரு முறை, சுமார் 90 நிமிடம், பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். கண்ணை மூடி, அன்று நடந்ததை நிகழ்காலத்தில், முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும்: ‘கேட் பக்கம் நிக்கறேன். பின்னாடியிருந்து தள்றாங்க. தம்பி கை நழுவுது...’ முடித்ததும் திரும்ப முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்கச் சொல்வார்கள். முதல் சில அமர்வுகள் கொடுமையாக இருக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பத்தாவது தடவை சொல்லும்போது கதைக்கு ஒரு வரிசை வந்திருக்கும். ‘அதுக்கப்புறம் ஆட்டோ பிடிச்சோம், வீட்டுக்கு வந்தோம்’ என்ற முடிவும் வந்திருக்கும். தேதி போடாமல் கிடந்த நினைவுக்குத் தேதி விழுவது இப்படித்தான்.

கூடவே ஓர் ஏணி. பயப்படும் விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். நம் இளைஞரின் ஏணி இப்படி இருக்கலாம்: நண்பரோடு டிவியில் மேட்ச் பார்ப்பது, 30. நாலு பேர் இருக்கும் லிஃப்ட், 40. பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க் ஸ்டேஷனை இறங்காமல் கடந்து போவது, 55. அதே ஸ்டேஷனில் ஆளில்லாத நேரத்தில் இறங்குவது, 70. ஞாயிறு மாலை சர்ச் ஸ்ட்ரீட்டில் நடப்பது, 80. மைதான கேட்டுக்கு எதிரே அரை மணி நேரம் நிற்பது, 100. கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். படபடப்பு வந்ததும் ஓடிவிடாமல், அது தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அது இறங்கும். மூளை இதுவரை பார்க்காத பாடம் அதுதான்.

இரண்டாவது வகை, பெட்ரீஷியா ரெஸிக் உருவாக்கியது, வழக்கமாக 12 அமர்வுகள். இதில் சம்பவத்தைவிட அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவுகள்தான் முக்கியம். ‘நான்தானே கூட்டிட்டுப் போனேன்’ என்ற வாக்கியத்தை மேசைமேல் வைத்து விசாரிப்பார்கள். அன்று மதியம் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? நெரிசல் வரும் என்று தெரிந்தா கூட்டிப் போனீர்கள்? கூட்டத்தைச் சமாளிக்கும் பொறுப்பு யாருடையது? நடந்த பிறகு வந்த அறிவை வைத்து, நடப்பதற்கு முந்தைய தன்னைத் தண்டிக்கிறோம் என்பது மெல்லப் புரியும். குற்ற உணர்ச்சி அதிகம் உள்ளவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

மூன்றாவது இஎம்டிஆர். 1987இல் ஃபிரான்சின் ஷாபிரோ தொடங்கியது. நினைவை மனதில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் இடமும் வலமும் தொடர வேண்டும். கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் பலன் உண்டு, உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. கண் அசைவுதான் வேலை செய்கிறதா, நினைவை எதிர்கொள்வதுதான் வேலை செய்கிறதா என்ற சண்டை நிபுணர்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு, நமக்கு ஒத்து வராது’ என்பவர்களுக்கு ஒரு பதில் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. சுனாமிக்குப் பிந்தைய வாரங்களில் இலங்கையின் வடகிழக்கில், போரையும் அலையையும் பார்த்த, 8 முதல் 14 வயதுள்ள 31 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு, தன் வாழ்க்கைக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிச் சொல்லி ஒழுங்குபடுத்தும் சிகிச்சை பெற்றது. இன்னொன்று தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றது. இரண்டுமே ஆறு அமர்வுகள்தான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81%, இரண்டாவதில் 71% குழந்தைகள் மீண்டிருந்தார்கள். 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியும் ஆங்கிலமும் இல்லாமலே இதைச் செய்ய முடியும் என்பது தெரிகிறது.

மாத்திரை? செர்ட்ராலின், பராக்ஸெடின் என்ற இரண்டையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பிடிஎஸ்டிக்கென்றே அங்கீகரித்திருக்கிறது. இங்கும் மனநல மருத்துவர்கள் எழுதுகிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நினைத்தபோது நிறுத்தக் கூடாது. தூக்கமே இல்லாமல், பேச்சு சிகிச்சைக்கே உட்கார முடியாத நிலையில் இருப்பவருக்கு மாத்திரை முதலில் தரையைக் கொஞ்சம் உறுதியாக்கிக் கொடுக்கும்.

சின்ன வயதிலிருந்து வருடக்கணக்கில் வன்முறைக்குள் வளர்ந்தவர்களுக்கு நிலைமை வேறு. தன்னைப் பற்றிய எண்ணம், மற்றவரை நம்பும் திறன் எல்லாமே அடிபட்டிருக்கும். 2022இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டில் அதற்குச் ‘சிக்கலான பிடிஎஸ்டி’ என்று தனிப் பெயரே உண்டு. அதற்கு 12 வாரம் போதாது.

உடனே செய்யக் கூடாத மூன்று

ஒன்று, சம்பவம் நடந்த மறுநாளே எல்லோரையும் உட்கார வைத்து ‘என்ன பார்த்தீங்க, என்ன உணர்ந்தீங்க’ என்று ஒரே அமர்வில் கொட்ட வைப்பது. நல்ல எண்ணத்தில் அலுவலகங்கள் செய்வது இது. பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நேரத்தில் தேவை தண்ணீர், சார்ஜர், வீட்டுக்கு ஒரு போன், கூட இருக்க ஓர் ஆள். பேச விரும்பினால் கேட்கலாம், தோண்டக் கூடாது.

இரண்டு, அல்பிரஸோலம் மாதிரியான மாத்திரைகள். நண்பரின் பழைய சீட்டை வைத்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. முதல் மாதத்தில் இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பழக்கமாகிவிடும், மூளை தானே தேறுவதையும் தடுக்கக்கூடும்.

மூன்று, குடி. இதுவும் தவிர்த்தல்தான், பாட்டிலில் வருகிறது.

ஊரில் ‘பிள்ளை பயந்துட்டான், மந்திரிச்சுக் கூட்டிட்டு வாங்க’ என்பார்கள். கோயிலோ தர்காவோ போய்த் தண்ணீர் தெளித்து, கயிறு கட்டி வருவதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ‘உனக்கு ஒண்ணு நடந்திருக்கு, நாங்க பார்த்துட்டோம்’ என்று குடும்பம் சொல்லும் வழி அது. போய் வாருங்கள். ஒரு மாதம் கழித்தும் கனவு நிற்கவில்லை என்றால் மருத்துவரிடமும் போங்கள்.

எங்கே போவது, என்ன செலவு, ஆபீஸில் சொல்லணுமா?

ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸில் புறநோயாளிகள் பிரிவும் 24 மணி நேர அவசரப் பிரிவும் உண்டு. கூட்டம் இருக்கும், ஒரு நாள் லீவு போட்டுப் போவது நல்லது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. தனியாரிடம் போவதானால் ‘கவுன்சிலர்’ என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். ‘மனவடுவுக்கு எந்த முறையில் சிகிச்சை கொடுக்கறீங்க, எத்தனை அமர்வு ஆகும்’ என்றும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் போக வேண்டாம்.

மொழியையும் பாருங்கள். ஆபீஸ் ஆங்கிலத்தில் சொன்னால் சம்பவம் ஓர் இன்சிடென்ட் ரிப்போர்ட் மாதிரி வரும். தம்பி கை நழுவியபோது உங்கள் வாயில் வந்தது ஆங்கிலமாக இருந்திருக்காது. தமிழ் தெரிந்த சிகிச்சையாளர்கள் பெங்களூருவில் கிடைப்பார்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் நோய்க்குக் கொடுப்பதைப் போலவே மன நோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 21ஆவது பிரிவு. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், வாராவாரம் போகும் அமர்வுக்குத் தராது. கம்பெனி பாலிசியில் புறநோயாளர் செலவு வருமா என்று எச்ஆரிடம் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. உங்கள் மருத்துவ விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. மேனேஜரிடம் சொல்வதா என்பது அந்த மேனேஜரைப் பொறுத்தது. சொல்வதானால் கதை முழுவதும் வேண்டாம், தேவையை மட்டும் சொல்லுங்கள்: ‘வியாழக்கிழமை 4 மணிக்கு மேல மூணு மாசம் மீட்டிங் வேண்டாம்.’

கூட இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். தேதிகளுக்கு ஒரு சக்தி உண்டு. ஜூன் 4 வரும்போது, அல்லது அடுத்த ஐபிஎல் ஃபைனல் வரும்போது, தேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று பின்னால் போகலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வாரம் ஒரு போன் போடுங்கள். ‘என்ன ஆச்சு’ என்று கேட்க வேண்டாம், ‘சாப்டியா, சாயந்திரம் வரட்டுமா’ போதும்.

இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, நிம்ஹான்ஸ்தான் இதன் தலைமை மையம். பெங்களூருவிலிருந்து கூப்பிட்டாலும் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், ‘தூக்கம் வர மாட்டேங்குது’ என்று ஆரம்பிக்கலாம். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.